கோடிக்கரையும் திணைமயக்கமும்

சங்க அகப்பாடல்களைக் கற்பார் முதற்கண் அறிந்துகொள்வது நிலப்பாகுபாடு. தெய்வம், உணவு, மா, மரம், புள் முதலாகக் கருப்பொருளின் வகைகளைத் தொல்காப்பியர் தொகுத்துரைத்தார். இன்ன நிலத்திற்கு இன்னது உரியது என விரித்துரைத்தவர் உரையாசிரியர். மாணவர் இப்பட்டியலை நெட்டுருச் செய்கின்றனர். நிலத்தைச் சென்று காண்பார் சிலரே. அதனால், திணை என்பது புலவர் வகுத்துக்கொண்ட வெறும் மரபு என்னும் எண்ணம் வேரூன்றுகின்றது. அஃது எத்துணைப் பொருந்தும் என்பதைக் கோடிக்கரையைக் கொண்டு ஆராய்வோம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரணியத்திற்குத் தெற்கே, வங்கக்கடலும் பாக்கு நீரிணையும் கூடுமிடத்தில் உள்ளது கோடிக்கரை. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் சோழநாட்டுக் கடற்கரை இம்முனையில் திடுமென மேற்கே திரும்புகின்றது. கோடி என்னும் சொல் முனையையும் கடையெல்லையையும் குறித்தலின், ஊர்ப்பெயரே நில அமைப்பை உணர்த்தி நிற்கின்றது. 1967-இல் இங்கு வனவிலங்குப் புகலிடம் அமைக்கப்பட்டது. இதனை உள்ளடக்கிய ஈரநிலப் பரப்பு 2002-இல் உலகச் சிறப்புடைய ராம்சார் நிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இங்குள்ள நிலத்தின் உயர்வு தாழ்வு சில அடிகளே. எனினும் அச்சில அடிகளே நிலத்தைப் பிரிக்கின்றன. மணல்மேடுகளில் மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. ஆதலின் மேட்டில் என்றும் பசுமை மாறாத காடு நிற்கின்றது. மேட்டை அடுத்த தாழ்விடங்களில் புல்வெளி பரந்துள்ளது. அதனினும் தாழ்ந்த இடங்கள் உவர்ச்சேறும் கழியும் ஆகின்றன.

காட்டில் மிகுந்து காணப்படுவது உலக்கைப்பாலை. இதனைப் பாலைத்திணைக்குரிய பாலையெனக் கொள்ளுதல் கூடாது. அதனை வெட்பாலை என்பர் பலர். இக்காட்டில் காயாவும் உண்டு. மாயோன் நிறத்திற்கு உவமையாய் வரும் அம்மலர் முல்லைக்குரியது. புல்வெளியில் மேய்வது வெளிமான். அகநானூற்றின் நான்காம் பாட்டு, முல்லைத்திணையில், இரலையின் கொம்பை முறுக்கிய இரும்போடு ஒப்பிடுகின்றது. வெளிமான் கலையின் கரிய, திருகிய கொம்பைக் கண்டார்க்கு அவ்வுவமையின் நுட்பம் உரையின் துணையின்றியே விளங்கும். இரலை என்பது வெளிமானே எனக் கொள்வார் கருத்துக்கு இஃது அரண் செய்கின்றது.

புல்வெளியினின்று சிறிது தொலைவு நடந்தால் நெய்தல் தொடங்கிவிடுகின்றது. மணலில் அடும்பு படர்ந்துள்ளது. கரையில் பங்குனி ஆமை முட்டையிட்டுச் செல்கின்றது. உப்பு விளைத்தல் நெய்தலின் தொழில். வேதாரணியத்து அளங்களில் அஃது இன்றும் நடைபெறுகின்றது. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்ட இராசாசி, அம்மாதம் 30-ஆம் நாள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறியதும் இவ்வளநாட்டிலேயே. கார்காலத்தை ஒட்டிப் பூநாரையும் உள்ளானும் பிறவும் தொலைநாடுகளிலிருந்து இங்கு வந்து கழிகளை நிறைக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இப்பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரவை ஆராய்ந்துள்ளனர்.

கடலும் காடும் இவ்வாறு அடுத்திருத்தல் இக்காலத்து அமைப்போ எனின், அன்று. சுந்தரர் கோடிக்கரைக் குழகர்மீது பாடிய பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. கடற்காற்று வந்து மோதும் கரையில், அயலே குடியிருப்பும் இல்லாத இடத்தில், இறைவன் தனித்திருத்தற்கு அவர் இரங்குகின்றார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறி உமையை அச்சுறுத்துவதையும் சுட்டுகின்றார். பக்திப் பாடலேயாயினும், 1,200 ஆண்டுகட்கு முன் இக்கரையில் அடர்காடு இருந்தமைக்கு இது சான்றாகின்றது.

இனித் தொல்காப்பியத்திற்கு வருவோம். திணை மயங்குதல் விலக்கப்படுவதன்று. ஆனால் நிலமும் நிலமும் ஒருங்கே மயங்குதல் இல்லை என்பது அகத்திணையியல் விதி. கோடிக்கரையில் முல்லையும் நெய்தலும் ஒரே பார்வையில் அடங்குமாறு நெருங்கியுள்ளன. எனினும் மேடு மேடாகவும் கழி கழியாகவும் தம் தன்மை திரியாது நிற்கின்றன. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாது வரினும், வந்த நிலத்தின் பயனையே பெறும் என்பது மற்றொரு விதி. வேற்று நாட்டிலிருந்து வந்து இக்கழியில் இரைதேடும் பூநாரை நெய்தற் புள்ளாகவே ஆகிவிடுகின்றது. இவ்விதிகள் செய்யுள் பற்றியனவேனும், நிலத்தைக் கூர்ந்து நோக்கிய அறிவின்றி இவை எழுந்திருத்தல் அரிது.

இந்நிலம் இன்று இடருற்றுள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டிற்கு வந்த சீமைக்கருவேல் வெளிமான் மேயும் புல்வெளியில் பரவி அதனை முட்காடாக்குகின்றது. வந்த புள் நிலத்தின் பயனைப் பெற்றது. வந்த இம்மரமோ நிலத்தையே தன் இயல்பிற்கு மாற்றுகின்றது. உரிமையாளரின்றித் திரியும் குதிரைகள் மானொடு புல்லுக்கும் நீருக்கும் போட்டியிடுகின்றன. 2018 நவம்பர் 16-இல் வேதாரணியத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயலில் மரங்கள் பல வீழ்ந்தன; மான்கள் பல மடிந்தன. சோழர் காலத்ததெனக் கூறப்படும் செங்கற் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் சிதைந்துபோயிற்று.

இதுகாறும் கூறியவற்றால், திணைமயக்கம் ஏட்டளவில் நின்ற இலக்கணம் அன்று என்பது புலனாகும். கருப்பொருட் பெயர்களுக்குப் பொருள் காண்பார் அகராதியோடு அமையாது நிலத்தையும் நாடுதல் வேண்டும். அங்கு வாழும் மக்கள் மரத்தையும் புள்ளையும் எப்பெயரால் வழங்குகின்றனர் என்பதைத் தொகுத்தலும் வேண்டும். இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று. கலங்கரை விளக்கம் வீழ்ந்தபின் அதன் இருப்பிடத்தையேனும் குறிக்க இயலும். இரலை அழிந்தொழியுமாயின், அகநானூற்று உவமைக்கு எஞ்சுவது உரை ஒன்றே. அவ்வுரையைச் சரிபார்த்தற்குரிய சான்று இராது.