அடிமாட்டுக்கு யார் மக்காச்சோளம் போடுவார்கள்?

கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியில் மாட்டு லாரி நிற்கும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள். கொம்புகளுக்கு நடுவே தெரியும் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். உழவுக்கு ஆகாத காளை, கறவை வற்றிப்போன மாடு, பல் தேய்ந்து வயதான எருமை என்று பலதும் இருக்கும். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி ஏற்றியவை இவை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: அடிமாடு.

அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் கதையே வேறு. அங்கே மாட்டைக் கறிக்கென்றே வளர்க்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வயது வரை புல்வெளி. அதன்பின் ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்த திறந்தவெளிக் கொட்டடியில் நாலு முதல் ஆறு மாதம். தொட்டியில் கொட்டுவதில் பெரும்பங்கு மக்காச்சோளம். நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ வரை எடை ஏறும். சதைக்குள்ளே வெள்ளை நூல் போலக் கொழுப்பு ஓடும். அந்த நூல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கறிக்குத் தரமும் விலையும்.

இங்கே ஏன் யாரும் அப்படிச் செய்வதில்லை? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். மாட்டின் எடை ஒரு கிலோ ஏற ஆறேழு கிலோ தீவனம் வேண்டும். மக்காச்சோளம் கிலோ 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு கிலோவுக்கு 140 ரூபாய். உயிர் எடையில் கறியாகக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. ஆக, ஒரு கிலோ கறிக்குத் தீவனச் செலவு மட்டுமே 280 ரூபாய். அதுவும் இளங்கன்றுக்கான கணக்கு. பல் தேய்ந்த கிழட்டு மாடு இன்னும் அதிகம் தின்னும், இன்னும் குறைவாகத்தான் ஏறும். சங்கரன்கோவில் கரிசலில் விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போவதில் ஆச்சரியமே இல்லை. கறிக்கோழி இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனத்தில் ஒரு கிலோ எடை தந்துவிடும்.

சமையலும் ஒரு காரணம். கொழுப்பு நூல் ஓடிய கறி, கல்லில் சில நிமிடம் வாட்டித் தின்பவர்களுக்கானது. எல்லைக்கு அந்தப்பக்கம் தேங்காய்க் கொத்து போட்டு மணிக்கணக்கில் வறட்டி எடுக்கிறார்கள். வயதான மாட்டின் தசையை இறுக்கிக் கட்டியிருக்கும் புரதம், நீண்ட நேரக் கொதியில் இளகிப் பசையாகிவிடும். உழைத்து முறுகிய தசைக்கு ஏற்ற பக்குவம் அது. அதற்கு மக்காச்சோளம் தேவையில்லை.

சரி, காசு இருந்தால் போட்டுவிடலாமா? அங்கேதான் மாட்டின் வயிறு குறுக்கே நிற்கிறது.

வைக்கோலில் இருக்கும் நார்ச்சத்தை மாட்டாலும் செரிக்க முடியாது, நம்மாலும் முடியாது. மாட்டுக்காக அதைச் செரிப்பவை முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். கால்நடை மருத்துவர்கள் இந்த முதல் வயிற்றை அசையூண் வயிறு என்பார்கள். பெரிய மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். காற்றே புகாத அந்த இருட்டில், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியாக்கள். அவை நாரை நொதிக்கவைத்துச் சில அமிலங்களைத் தருகின்றன. மாட்டுக்குப் பெருமளவு ஆற்றல் அவற்றிலிருந்துதான். அமிலம் மிஞ்சிப் போகாமல் காப்பது எச்சில். அசை போடும் மாட்டுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல்கூட எச்சில் ஊறும். அதில் சமையல் சோடாவின் சரக்கே கலந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் கண்ணை அரைவாசி மூடி வாயசைத்துக் கிடக்கிறதே மாடு, அது சும்மா கிடக்கவில்லை, மருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது.

தானியம் இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். மாவுச்சத்து சில மணி நேரத்தில் நொதிக்கும். மெல்லவோ அசை போடவோ அதிகம் இல்லாததால் எச்சிலும் குறையும். மாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி, தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகும். ரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுபடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், புளித்த வாடையோடு கழியும், கண் குழிவிழும், தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். இதுதான் அமில அஜீரணம்.

அமெரிக்கக் கொட்டடிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் எடுத்த எடுப்பில் தானியம் போடுவதில்லை. மூன்று வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஓரளவு நார்த்தீவனமும் விடாமல் சேர்ப்பார்கள். அமிலம் கொட்டும் பாக்டீரியாக்களை அடக்கி வைக்க மொனென்சின் என்ற மருந்தும் கலப்பார்கள். அப்படியும் அறுக்கும்போது பல மாடுகளின் ஈரலில் சீழ்க்கட்டி இருக்கும். ஒன்றை மட்டும் அவர்கள் பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்: தானியம் தின்னும் மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன், வைக்கோல் தின்னும் மாடு விடுவதில் ஏறக்குறைய பாதிதான்.

நம் ஊரில் கறிக்காகத் தானியம் போடுவதில்லை. பாசத்தில் போட்டுத்தான் மாட்டைக் கெடுக்கிறோம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பானைப் பொங்கலை அப்படியே வாயில் ஊட்டுகிறோம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு தொழுவத்தில் கவிழ்க்கிறோம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம் நின்று பார்த்தாலும் இதே காட்சிதான்: எச்சில் இலைக் குவியலில் தலையை விட்டு, சோறும் பரோட்டாவுமாக அள்ளும் தெருமாடுகள். வெந்த சோற்று மாவு பச்சைத் தானியத்தைவிட வேகமாக நொதிக்கும். அரிசி, மக்காச்சோளம் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. கறவை மாட்டுக்கு, அதன் உடம்புக்கென்று ஒன்றரை கிலோவும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதமும் அடர்தீவனம் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அது தினமும் பழகிய வயிறு. கூடவே வைக்கோலும் உண்டு.

வரும் பொங்கலுக்கு மாட்டுக்கு ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், போதும். பிறகு வைக்கோலை உதறிப் போடுங்கள். பானையை எட்டாத இடத்தில் வையுங்கள். தப்பித்தவறித் தின்றுவிட்டு, வயிறு கனத்து, அசை போடாமல் நின்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962. அழைக்கக் காசு கிடையாது.