விற்குமுன் நிறுத்துப் பார்ப்போம்

எஹலியகொட வயல்களின் அடியில் 'இல்லம' எனப்படும் சரளைப் படை உண்டு. அதைக் கூடையிலிட்டு நீரில் அரித்தால் பாரமான நீலக்கல் அடியில் தங்கும். ஆனால் தோண்டுவதற்கு முன் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்.

பால்போல் மங்கிய கல்லை எறிந்துவிடலாகாது. 'கெவுட' எனும் அத்தகைய கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கி, சூளையில் சூடாக்கி, நல்ல நீலமாக மாற்றினர். இலாபம் தோண்டியவர்களுக்குக் கிட்டவில்லை.

பட்டை தீட்டும்போது பெரும்பாலும் பாதிக்கு மேல் எடை குறையும். ஆகவே கல்லைக் கொடுக்குமுன் நிறுத்து, எடையை எழுதிவைப்போம். இடம்பெயர்ந்து வந்த நமக்குக் காசு அவசரந்தான். அது வியாபாரிக்கும் தெரியும். எனவே இருவரிடமாவது விலை கேட்போம். விற்ற கல் திரும்பி வராது.