சுவடிப் படிமங்களின் கோப்புவடிவ மாற்றமும் பாடத் தேர்வும்

ஓலைச்சுவடியை நேரில் கண்டு பாடம் ஒப்பிடும் வாய்ப்பு எல்லா ஆய்வாளர்க்கும் அமைவதில்லை. கணினிப் படிமத்தையே மூலமாகக் கொள்வோர் பலர். அப்படிமம் ஒரு கோப்பு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டதாயின், காணப்படுவது ஓலையின் இயல்பா, மாற்றத்தின் விளைவா என்னும் ஐயம் எழுகிறது.

ஆல்டஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட டிஃப் வடிவம் வளர்ச்சியடைந்த நிலையில் ஏறத்தாழ 1.67 கோடி நிறங்களைக் குறிக்க வல்லது. கம்பியூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஜிஃப் வடிவத்தில் ஒரு படிமத்திற்கு 256 நிறங்களே இடம்பெறும். ஓலை பெரும்பாலும் பழுப்பு நிறத்ததாதலின் 256 நிறங்கள் போதும் எனத் தோன்றலாம். ஆயின் சான்று அப்பழுப்பின் நுண்வேறுபாட்டிலேயே உள்ளது. மை பூசப்படாத எழுத்து, எழுத்தாணி கீறிய பள்ளமாக மட்டுமே நிற்பது. அதனைச் சுற்றியுள்ள பரப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது மெல்லிய நிழலே. அண்மை நிறங்கள் ஒன்றாக்கப்படும்போது அந்நிழலும் மறையக்கூடும்.

இருநிறப் படிமமாக்குதல் இதனினும் கேடு பயப்பது. டிஃப் கோப்பில் பயன்படும் 'குரூப் 4' சுருக்கமுறையே இழப்புக்குக் காரணம் எனக் கருதுவது பொருந்தாது, அம்முறை இழப்பற்றது. அதற்கு முன்பே ஒவ்வொரு படப்புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என வகுத்துவிடும் படிநிலையில்தான் இழப்பு நேர்கிறது. கருந்துணியின்மேல் வைத்துப் படமெடுத்த ஓலையில் பூச்சி அரித்த துளையும் மையெழுத்தும் ஒரே கறுப்பாகிவிடும். சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒத்த வடிவின. இத்தகைய எழுத்துமுறையில் ஒரு துளை கோடாக மயங்கினால் இல்லாத பாடவேறுபாடு ஒன்று தோன்றிவிடும்.

ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிக் கட்டங்களாகப் பகுத்துச் சுருக்குவது. எழுத்தின் விளிம்பில் மங்கலான சிதறலை விடுவது. பிஎம்பி, பிசிஎக்ஸ் கோப்புகளை நிற ஆழம் குறையாமல் இழப்பற்ற டிஃப் ஆக்குவதில் இவ்விடர்கள் இல்லை.

குறைந்த வடிவிலிருந்து மீண்டும் டிஃப் ஆக்கினால் கோப்பின் அளவு பெருகலாம். இழந்த செய்தி மீளாது. எனவே கோப்பின் பெயரீறு நம்பத்தக்க சான்றன்று. முழுநிற டிஃப் கோப்பில் 256க்கு மேற்படாத நிறங்களே காணப்படின், அது ஜிஃப் போன்ற வடிவின் வழியே வந்தது என ஐயுறலாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது எட்டுப் படப்புள்ளிக்கு ஒருமுறை கட்ட விளிம்பு புலப்படின், ஜேபெக் நிலையைக் கடந்து வந்தது எனக் கொள்ளலாம்.

ஜிஃப் வடிவில் அங்குலத்திற்கு எத்தனை படப்புள்ளி என்பதைப் பதிய இடமில்லை. ஓலையருகே அளவுகோல் வைத்துப் படமெடுத்திருந்தால் அதன் நீள அகலங்களை மீளக் கணக்கிடலாம். இல்லையெனில் ஓலையையே தேடிச் செல்ல வேண்டும்.