முன்னும் பின்னும் நோக்கி ஓதுதல்

சொல்லின் பொருளை அகராதி தரும். வாக்கியத்தின் பொருளை அது நிற்கும் இடமே தரும். இதனைத் திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் ‘ஸியாக்’ என்பர். அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் போதையுற்ற நிலையில் தொழுகையை நெருங்குவதைத் தடுக்கிறது. நிபந்தனையை நீக்கிவிட்டு ஓதினால் தொழுகையே தடுக்கப்பட்டதாகிவிடும். அல்பகராவின் 191ஆம் வசனத்தைத் தனியே எடுத்துக்காட்டி இஸ்லாத்தைப் பழிப்போரிடம், நம்மை எதிர்த்துப் போரிடுவோருடனேயே போரிடுமாறும் வரம்பு மீறாதிருக்குமாறும் பணிக்கும் 190ஆம் வசனத்தையும் சேர்த்து ஓதுமாறு நாம் கேட்கிறோம். அது நியாயமான கோரிக்கையே.

ஆனால், பிறர் வேதத்தை எடுத்தாளும்போது அதே நியாயத்தை நாம் கடைப்பிடிக்கிறோமா?

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தின் 27ஆம் வசனம் விவாத மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. தம் ஆட்சியை விரும்பாத பகைவரைத் தம்முன் கொண்டுவந்து கொல்லுமாறு இயேசு கட்டளையிட்டார் என அதற்குப் பொருள் கூறப்படுகிறது. அவ்வதிகாரத்தின் 11ஆம் வசனத்திலிருந்து ஓதுவோருக்கு உண்மை விளங்கும். அங்கு இயேசு ஓர் உவமை கூறுகிறார். உயர்குடியினன் ஒருவன் அரசுரிமை பெறத் தூரதேசம் செல்கிறான். அவனை விரும்பாத குடிமக்கள் தூதனுப்பி எதிர்க்கின்றனர். அரசனாகத் திரும்பியவன் அவர்களைக் கொல்லப் பணிக்கிறான். கட்டளை உவமையில் வரும் அரசனுடையது.

இக்கதை அக்கால மக்கள் அறிந்த நிகழ்வொன்றை ஒத்திருப்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். கி.மு. 4இல் ஏரோது மன்னன் இறந்தபின் அவன் மகன் அர்கெலாயு அரசுரிமை வேண்டி உரோமாபுரி சென்றான். யூதத் தூதுக்குழு ஒன்றும் அங்குச் சென்று அவனை எதிர்த்தது. வரலாற்றாசிரியர் யோசேப்பு இதனைப் பதிவு செய்துள்ளார்.

உவமையின் முடிவு கடுமையானதே. கிறித்தவ விரிவுரையாளர் பலர் அதனை இறுதித் தீர்ப்பின் எச்சரிக்கையாகக் கொள்வர். எனினும், அதே நூலின் 22ஆம் அதிகாரத்தில், சீடர் ஒருவர் வாளால் வெட்டியபோது இயேசு தடுத்து, வெட்டுண்டவரின் காதைக் குணப்படுத்துகிறார். அதையும் உடன்வைத்தே ஓத வேண்டும்.

வசன எண்களும் இத்தகைய துண்டாடலுக்குத் துணைபோகின்றன. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் எண்களை 1551இல் அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன் எனும் பிரெஞ்சு அச்சகர். அவை தேடுவோருக்கு அடையாளங்கள். கருத்தின் எல்லைகள் அல்ல.

நம் முன்னோரிடம் இதற்கு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 885இல் (கி.பி. 1480) மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்பிகாயீ, வசனங்களுக்கிடையிலான தொடர்பை ஆராய்வதற்கென்றே ‘நழ்முத் துரர்’ எனும் பெரும் தஃப்ஸீரை இயற்றினார். அதில் தவ்ராத், இன்ஜீல் பகுதிகளை விரிவாக எடுத்தாண்டார். அதற்காக எழுந்த கண்டனங்களுக்குத் தனி நூலால் விடையளித்தார்.

கிறித்தவக் கொள்கைகளுடன் நமக்குள்ள வேறுபாடுகள் அடிப்படையானவை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் உண்மையில் நம்புவதை மறுப்பது விவாதம். வெட்டியெடுத்த வரியை அவர்கள்மீது சுமத்துவது அநீதி. ஒரு சமூகத்தின்மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடலாகாது என அல்மாயிதாவின் 8ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. அந்நீதி பிறர் வேதத்தை ஓதும் முறைக்கும் உரியதே.