பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்!

பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் படிக்கிறீர்கள். ஒரு தொப்பியின் விலை பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று அதில் வருகிறது. அது மலிவா, கிராக்கியா? உங்களுக்குப் பிடிபடுவதில்லை, பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை வந்து, "அப்பா, ஒரு பவுணுக்கு எத்தனை பென்ஸ்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நூறு காசு ஒரு வெள்ளி என்று பழகிவிட்ட நமக்கு இந்தக் கணக்கு புதிராகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடக்கூடிய புதிர்தான் இது.

முதலில் வாய்பாடு

4 ஃபார்திங் ஒரு பென்னி. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண். ஆக, ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். (ஒன்று என்றால் பென்னி, பல என்றால் பென்ஸ்.) 1971 வரை இங்கிலாந்தில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் இப்படித்தான் எண்ணினார்கள்.

இந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டனார்களுக்கு இது போன்ற கணக்கு அத்துபடி. 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று எண்ணியவர்கள் அல்லவா? இந்தியாவில் அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 ஆம் தேதிதான் நூறு பைசாக் கணக்குக்கு இடம் விட்டது.

ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 3 பவுண் 7 ஷில்லிங் 9 பென்ஸுடன் 2 பவுண் 15 ஷில்லிங் 8 பென்ஸைச் சேர்க்க வேண்டும். பென்ஸ் 17. அதில் 12 போனால் 5 மிச்சம். ஒரு ஷில்லிங் கைவசம். ஷில்லிங் 7, 15, கைவசம் 1, மொத்தம் 23. அதில் 20 போனால் 3 மிச்சம். ஒரு பவுண் கைவசம். பவுண் 6. விடை: 6 பவுண் 3 ஷில்லிங் 5 பென்ஸ். மளிகைக் கடைப் பையன் இதை மனத்திலேயே போட வேண்டியிருந்தது!

எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு?

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியைச் சார்லமேன் என்ற மன்னர் ஆண்டார். ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 240 சிறு காசுகள் அடிக்க வேண்டும் என்பது அவர் காலத்து ஏற்பாடு. அந்தக் காசுக்கு லத்தீனில் 'தெனாரியுஸ்' என்று பெயர். பன்னிரண்டு தெனாரியுஸ் ஒரு 'சொலிதுஸ்'. இருபது சொலிதுஸ் ஒரு 'லிப்ரா', அதாவது ஒரு ராத்தல். பிரான்சில் இவை லிவ்ர், சூ, தெனியே ஆயின. இத்தாலியில் லிரா, சோல்தோ, தெனாரோ. இங்கிலாந்தில் பென்ஸைக் குறிக்க 'டி' என்ற எழுத்தைப் போட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? தெனாரியுஸின் முதல் எழுத்து அது.

இவ்வளவு சிக்கலான எண்ணை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 240 என்ற எண்ணை 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என எதனாலும் மீதியின்றி வகுக்கலாம். மூன்று பேர் ஒரு பவுணைப் பங்கிட்டால் ஆளுக்கு 80 பென்ஸ், சண்டையே இல்லை. நூறு காசை மூவர் பங்கிட்டுப் பாருங்கள், ஒரு காசு நடுவில் நிற்கும்!

பெயர்களில் ஒரு சுற்று

இரண்டு ஷில்லிங் நாணயம் ஃப்ளோரின். இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் அரைக் கிரௌன். ஐந்து ஷில்லிங் கிரௌன். பேச்சு வழக்கில் ஷில்லிங் 'பாப்', ஆறு பென்ஸ் 'டானர்', பவுண் 'க்விட்'.

கினி என்பது 21 ஷில்லிங். அந்தத் தங்க நாணயம் 1814 க்குப் பின் அடிக்கப்படவில்லை. ஆனாலும் மருத்துவரும் வழக்கறிஞரும் கட்டணத்தைக் கினியில்தான் சொல்வார்கள். பவுணை விட ஒரு ஷில்லிங் கூட, கௌரவமும் கூட! நாம் தொடக்கத்தில் பார்த்த பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் சரியாக அரைக் கினி. 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையின் ஓவியத்தில் தொப்பிக்காரரின் தொப்பியில் செருகியிருக்கும் சீட்டிலும் இதே விலைதான்.

இன்னொரு பெயர் நம்மோடு நெருங்கியது. பொஹீமியாவில் யோவாக்கிம்ஸ்தால் என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. 1520 ஆம் ஆண்டு வாக்கில் அங்கே அடித்த பெரிய வெள்ளி நாணயம் 'தாலர்' எனப்பட்டது. அந்தச் சொல்தான் பின்னர் டாலர் ஆனது. எட்டு ரெயால் மதிப்புள்ள ஸ்பானிய வெள்ளி டாலர் நம் துறைமுகங்களிலும் புழங்கியது. அதன் ஓரம் பல் பல்லாக இருந்ததால் மலாய்க்காரர் 'ரிங்கிட்' என்றனர். நம்மவர் டாலரை 'வெள்ளி' என்றனர்.

கணக்கு மாறிய நாள்

நூறாகப் பிரிக்கும் முறையை ரஷ்யா 1704 லேயே ஏற்றது. பிரான்ஸ் புரட்சிக்குப் பின் 1795 இல் ஃபிராங்கைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 ஆம் தேதிதான் மாறியது. அதற்காகப் பிப்ரவரி 10 ஆம் தேதி பிற்பகல் மூடிய வங்கிகள், 15 ஆம் தேதி காலையில்தான் மீண்டும் திறந்தன.

அன்று முதல் ஒரு பவுணுக்கு 100 புதிய பென்ஸ். பவுணின் மதிப்பு மாறவில்லை. ஆனால் ஒரு புதிய பென்னி 2.4 பழைய பென்ஸுக்குச் சமம் என்றானது. ஏழைக் குடும்பங்களின் கவலை இங்கேதான். ஒரு பழைய பென்னிக்கு விற்ற மிட்டாயை இனி என்ன விலைக்கு விற்பது? மிகச் சிறிய புதிய நாணயமான அரைப் பென்னியே 1.2 பழைய பென்ஸ் ஆகிறதே! கடைக்காரர்கள் விலையை மேல்நோக்கியே திருத்துவார்கள் என்று பலர் அஞ்சினர். பவுணில் சம்பளம் வாங்குகிறவனுக்குக் காற்பென்னி பெரிதல்ல. பென்னி பென்னியாக எண்ணிச் செலவிடும் முதியவருக்கு அது பெரிது. மக்களுக்குப் பழகிப்போன ஆறு பென்ஸ் நாணயம் இரண்டரைப் புதிய பென்ஸாக 1980 வரை புழங்கியது.

உங்கள் வீட்டுப் பெட்டியில்...

நீங்கள் 'ஒரு பவுன் சங்கிலி' என்கிறீர்களே, அந்தப் பவுன் இங்கிலாந்தின் 'சாவரின்' தங்க நாணயம்தான். 1817 முதல் அடிக்கப்பட்ட அதன் எடை சற்றேறக்குறைய 8 கிராம். தங்கம் 22 காரட்.

தாத்தாவின் பெட்டியில் பழைய ஆங்கில நாணயம் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1920 க்கு முந்திய ஷில்லிங், ஃப்ளோரின், அரைக் கிரௌன் நாணயங்களில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உண்டு. 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி. 1947 முதல் செம்பும் நிக்கலும்தான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேய்த்த நாணயத்துக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள். யாராவது "செல்லாக் காசு" என்று சொல்லிக் கேட்டால், கொடுத்துவிடுவதற்கு முன் நம்பிக்கையான இடத்தில் எடை போட்டு விசாரியுங்கள். கடையில் செல்லாத காசும் பெட்டியில் செல்வமாக இருக்கலாம்.