நாற்பதைக் கடந்தவர் – 7: வயதின் மேல் போடும் பழி

சென்ற வாரம் பெண்ணின் மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பார்த்தோம். ஆணுக்கும் அப்படியொரு காலம் உண்டு, ஐம்பதை நெருங்கினால் ஆசை அடங்கித்தான் போகும் என்று பரவலாக நம்பப்படுகிறது. உடல் அப்படி இயங்குவதில்லை. பெண்ணின் சூலகங்கள் சில ஆண்டுகளுக்குள் ஓமோன் சுரப்பதைப் பெருமளவு நிறுத்திவிடுகின்றன. ஆணின் விதைகளோ கடைசிவரை டெஸ்டொஸ்டிரோனைச் சுரக்கின்றன. முப்பதுகளுக்குப் பிறகு அதன் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மெல்லக் குறையும். இவ்வளவு மெதுவான குறைவால் மட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரரின் நாட்டம் ஓரிரு வருடத்தில் அற்றுப்போவதில்லை. அப்படிப் போனால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கிறது. அதைத் தேடவேண்டும் என்பதே இந்த வாரத்தின் வாதம்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010இல் ஒரு முடிவு வெளியானது. நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல், விடியலில் தானாக வரும் விறைப்பு அருகுதல் ஆகிய மூன்றோடு குருதியில் ஓமோன் குறைவும் சேர்ந்திருந்தவர்கள் 100 பேரில் 2 பேர்தான். நாற்பதுகளில் இருந்தோரிடம் அது 1,000 பேருக்கு ஒருவர். எழுபதுகளில்கூட 100க்கு 5 பேர். உடற்பருமனும் நாட்பட்ட நோயும் உள்ளவர்களிடம் ஓமோன் குறைவு கூடுதலாக இருந்தது. இதற்குக் காரணம் தெரிந்ததே. வயிற்றில் சேரும் கொழுப்பு ஆண் ஓமோனின் ஒரு பகுதியைப் பெண் ஓமோனாக மாற்றுகிறது. சீனி வருத்தம் விறைப்புக்கு வேண்டிய நரம்பையும் இரத்தக் குழாயையும் ஒருசேரக் கெடுக்கிறது. நித்திரைக்கும் இதில் பங்குண்டு: சிக்காகோவில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் உறங்கவிட்டபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டொஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் குறைந்ததாக 2011இல் எழுதினார்கள். இளைஞருக்கே இப்படியென்றால், வருடக்கணக்காக நித்திரை கெட்ட ஆணைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அத்தகையவர்கள் இலங்கையின் வன்னியில் ஏராளம். புதுக்குடியிருப்பில் இன்று ஐம்பதை எட்டும் ஆண், 2009இல் முப்பதுகளில் இருந்தவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில், இறுதிப் போரின்போது, இவ்வூர் வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு உள்ளாகி, நோயாளர்கள் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மே மாதம் போர் முடியும்வரை கரையோரத்தில் ஒதுங்கி, பிறகு இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டுத்தான் அந்தத் தலைமுறை ஊர் திரும்பியது. போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வில், பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரிடம் இவை இன்னும் கூட. மனச்சோர்வு நாட்டத்தையும் குறைக்கும். அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அதையே குறைக்கும். அவற்றைத் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. நினைவை மறக்கக் குடிக்கும் சாராயமும் கசிப்பும் விதைகளையும் ஈரலையும் கெடுக்கின்றன. முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ செல் துண்டு பட்டவருக்கு நரம்பே அறுந்திருக்கலாம். இவற்றில் எதையும் வயது என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது.

ஓமோன் குறைவென்று தெரிந்தால் ஊசி போடுவதில் என்ன பிழை என்று கேட்கலாம். உண்மையில் குறைந்தவருக்குப் பயனுண்டு: அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 790 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான சோதனையில் நாட்டம் ஓரளவு கூடியது, ஆனால் களைப்பு பெரிதாக மாறவில்லை. 5,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த 2023ஆம் ஆண்டின் சோதனையில் மாரடைப்பு கூடவில்லை. நுரையீரலில் இரத்தக்கட்டியும் ஒருவகை இதயத்துடிப்புக் கோளாறும் கூடின. வெளியிலிருந்து ஓமோன் போகும்போது உடல் தன் சுரப்பை நிறுத்தும், விந்தணுக்களும் அருகும். ஆகவே வெவ்வேறு நாட்களில் இரண்டு காலைப் பரிசோதனைகள் குறைவைக் காட்டாமல் ஊசியைத் தொடக்கூடாது. வீரியத்துக்கு மூலிகை என்று விற்கும் போத்தல்களும் நிரபராதிகள் அல்ல. அப்படியானவற்றில் சில்டெனாபில் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் இப்படிக் கலந்த போத்தல் மருந்தை விழுங்கினால் இரத்த அழுத்தம் சடாரென விழுந்து உயிரே போகலாம்.

காணியும் தொழிலும் மீளாத, காணாமல் போனவரைத் தேடுவது இன்னும் முடியாத மண்ணில் இது பெரிய கதையா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனால் ஆணுறுப்பின் நாடிகள் இதயத்தின் நாடிகளைவிட ஒடுங்கியவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். விறைப்புக் குறைவு பலருக்கு மாரடைப்பின் முன்னறிவிப்பாகச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது. குடும்பம் ஒருவரின் உழைப்பில் நிற்கும் இடத்தில் அந்த அறிவிப்பைத் தவறவிடுவது பெரிய இழப்பு. கணவன் சொல்லாமல் விலகும்போது, மனைவி அதை வெறுப்பென்றோ வேறு தொடர்பென்றோ எண்ணி உடைந்துபோவதும் சிறிய துன்பம் அல்ல. இருவருக்கும் குறையாகத் தோன்றாத நாட்டக் குறைவுக்கு மருந்து வேண்டாம், வருத்தும் குறைவுக்கு வேண்டும்.

நம் ஆண்கள் பரிசோதனைக்குப் போவதே அரிது. போனவரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை. ஆகவே தொடங்க வேண்டியவர் மருத்துவத் துறையினர். சீனிக்கும் பிறஷருக்கும் கிளினிக் வரும் ஒவ்வொரு ஆணிடமும், தனியிடத்தில், நாட்டமும் விறைப்பும் எப்படி என்ற கேள்வியையும் வழக்கமாகக் கேட்கவேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. மூடிய கதவும் ஐந்து நிமிடமும் போதும்.

(அடுத்த வாரம்: நித்திரை)