பென்சில் சீவிய கைகள்!

கருவியைக் கண்டவன் யார்? கோட்டையில் கொலுவிருந்த கோமானா? கோடியைக் குவித்த சீமானா? இல்லை, தோழர்களே! வேலையில் இடர்ப்பட்டவனே கருவியைக் கண்டான். ஏரைத் தந்தவன் உழவன். தறியைத் தந்தவன் நெசவாளி. கணினியில் எழுதும் கருவிக்கும் அதே கதைதான்.

1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினி விற்பனைக்கு வந்தது. உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் 400 டாலருக்கும் குறைவு. ஆனால் திரை இல்லை, எழுத்துப் பலகை இல்லை. முகப்பில் விசைகளும் விளக்குகளும்தான்! மற்றவற்றைத் தனியே வாங்கி இணைக்க வேண்டும். எழுத்து வேலைக்கென்றே தனிப்பொறிகள் அன்றும் உண்டு. ஆயிரம் ஆயிரமாய் டாலர் அள்ளித்தர வல்ல அலுவலகங்களில்தான் அவை இருந்தன.

மைக்கேல் ஷ்ரேயர், படப்பிடிப்புத் தொழிலில் இருந்தவர். ஆல்டேருக்கு ஒரு நிரல் செய்தார். அதற்கு விளக்கக் கையேடு எழுத வேண்டும். தட்டச்சிலோ, ஒரு வரி மாறினால் ஒரு தாள் முழுவதும் மறுபடி! எதிரே கணினி இருக்க இந்தத் தொல்லை ஏன் என்று எண்ணினார். 1976 டிசம்பரில் பிறந்தது 'எலக்ட்ரிக் பென்சில்'. வீட்டுக் கணினிக்கு வந்த முதல் சொற்செயலி அதுவே! திரையிலேயே திருத்தலாம், நடுவிலே நுழைக்கலாம், இடம் போதாவிட்டால் சொல் தானே அடுத்த வரிக்கு இறங்கும். பெரிய அலுவலகத்தின் வசதி தனிமனிதன் மேசைக்கு வந்தது.

ஆனால் நிறுவனத்துக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரு முறை! ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. ஷ்ரேயர் மாற்றி மாற்றி எழுதினார். 78 வடிவங்கள்! ஒரே பென்சிலை 78 முறை சீவினார். கை ஓயாதா, தோழர்களே?

1979-இல் வேர்ட்ஸ்டார் வந்தது. எழுதியவர் ராப் பார்னபி. வெளியிட்டது சீமூர் ரூபின்ஸ்டைனின் மைக்ரோப்ரோ நிறுவனம். பல கணினிகளுக்கும் பொதுவான சிபிஎம் என்ற இயக்க நிரலின்மேல் அது நின்றது. பொதுமை வென்றது, தனித்தனிப் பாடு தோற்றது. பென்சில் பின்தங்கியது, ஷ்ரேயர் விலகிக்கொண்டார். பின்னாளில் வேர்ட்ஸ்டாரையும் வேறொன்று வென்றது.

வெற்றி கைமாறும், வழி வெட்டியவன் உழைப்பு மாறாது. இன்று கைப்பேசியில் கடிதம் எழுதும் தொழிலாளி, சொல் தானே அடுத்த வரிக்கு இறங்கக் காண்கிறான். அது தானாக நிகழ்வதன்று. யாரோ உழைத்ததால் நிகழ்வது. நாம் வேண்டுவது ஒன்றே: கருவியைக் கையாளுங்கள், அதைச் செய்த கைகளை மறவாதீர்கள்!